பொதுவழியா, கடைவாசலா?

கோலாலம்பூர் சென்ட்ரல் ரயில் நிலையத்தைப் புகழ்வோர் தொகை பெரிது. கண்ணாடி மின்னுகின்றது, குளிர்காற்று வீசுகின்றது, நாகரிகம் இதுவன்றோ என்கின்றனர். யாம் கேட்பது ஒன்றே: கடையொன்றையும் நாடாத ஏழைப் பிரயாணிக்கு அங்கே உரிமையான இடம் எவ்வளவு?

2001-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அந்நிலையம் வானத்தினின்று இறங்கியதன்று. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்குரியதாயிருந்த 72 ஏக்கர் நிலத்தில், நிலையத்தோடு மாடமாளிகைகளும் எழுந்தன. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர் ரயில்வேக்கு உழைத்த பகுதி அது. 2003-இல் மோனோரெயில் வந்தது; ஆனால் அதன் நிலையமோ சற்றுத் தொலைவில் நின்றுவிட்டது. பிரயாணிகள் வெயிலிலும் மழையிலும் சாலை கடந்தனர். 2014-இல் ஒருவாறு கூரையுள்ள வழி பிறந்தது. எங்ஙனம்? ஒரு பேரங்காடியின் வயிற்றினூடே! வண்டி மாறச் செல்வோன் துணிக்கடையையும் செருப்புக்கடையையும் வலம் வந்தே செல்லல் வேண்டும். அவன் பிரயாணியல்லன், வாடிக்கைக்காரன்.

"வணிகன் பணம் போடாவிடில் கூரை ஏது?" என்பாரும் உளர். அன்னார் நம் நாட்டுச் சரித்திரத்தைச் சிறிது புரட்டுவாராக. ராபிள்ஸ் துரை 1822-இல் சிங்கப்பூருக்கு விதித்த நகரமைப்புக் கட்டளைகளுள் ஒன்று, தெருவின் இருமருங்கிலும் கட்டிடங்களின் முன்னே, கூரையோடு கூடிய தொடர்நடை எக்காலமும் திறந்திருத்தல் வேண்டும் என்பது. நம்மவர் 'அஞ்சடி' என்பது அவ்வழியையே. அன்னியராட்சிக்கு யாம் வக்காலத்து வாங்க வந்தோமல்லோம். எனினும் அன்று வணிகன் தன் நிலத்தில் பொதுஜனத்துக்கு வழிவிட்டான். இன்றோ பொதுஜனம் வணிகனுடைய தயவில் நடக்கின்றது. தோட்டத்தில் நாள்தோறும் பற்றுவரவு எழுதும் எம்போன்ற கிராணிமாருக்கு இக்கணக்கு நேராகவில்லை.

சிங்கப்பூரில் 2011-இல் ரயிலோட்டம் நின்ற பழைய பாதையைப் பாருங்கள். ஏறத்தாழ 24 கிலோமீட்டர். சீட்டின்றி எவரும் நடக்கலாம். 1932-இல் கட்டிய புக்கித் தீமா நிலையம் 2022 முதல் பொதுமக்கள் கூடுமிடமாயிற்று. வண்டி வாராத மேடையிலும் மனிதர் அமர்கின்றனர். வண்டிகள் ஓயாது வரும் நிலையத்தில் அது ஏன் இயலாது?

பேரங்காடிக்குள் செல்லும் அவ்வழியைப் பொதுவழியென்று சட்டத்தால் பதியச் செய்க. வண்டியோடும் நேரமெல்லாம் அது திறந்திருக்கட்டும். இருக்கையும் குடிநீர்க் குழாயும், வெளியே நிழல்மரம் சூழ்ந்த சதுக்கமும் கேட்கின்றோம். நகராண்மையார் இவற்றை முடிக்கட்டும். பூந்தொட்டிகளைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.