"மாத்திப் பாத்துடலாம் சார்"

இந்த வாக்கியத்தை நீங்களும் கேட்டிருப்பீங்க. பைக்கோ காரோ, ஒர்க்‌ஷாப்ல விட்ட அரை மணி நேரத்துல தீர்ப்பு வந்துடும்: "சென்சார் போயிருக்கும் சார், மாத்திப் பாத்துடலாம்." அந்த "போயிருக்கும்"ல ஒரு சந்தேகம் ஒளிஞ்சிருக்கு பாருங்க, அதுக்கும் சேர்த்துத்தான் நாம பில் கட்டுறோம். என் கருத்து இதுதான்: அளந்து பாக்காம எந்த சென்சாரையும் மாத்த விடாதீங்க. முடிஞ்சா நீங்களே அளங்க. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு இது பெரிய வேலை இல்லை.

நான் பேசுறது ஸ்ரீரங்கத்துல எங்க பெரியப்பா வெச்சிருக்கிற 2003 ஃபோர்டு ஐகானை வெச்சு. 1.6 ராக்கம் எஞ்சின். இதெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரான்னு சிரிக்காதீங்க. மறைமலை நகர்ல தயாராகி 1999-ல சந்தைக்கு வந்த வண்டி. 'ஜோஷ் மெஷின்'னுதான் விளம்பரமே. 90 சொச்சம் குதிரைத்திறன், நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய செடான்ல அன்னிக்கு அது பெரிய விஷயம். ஃபெராரி வாங்கினாலும் சித்திரை வீதியில திருப்ப முடியாது. நமக்கு இதுதான் ஸ்போர்ட்ஸ் கார்.

அதுக்கு வந்த வியாதி: காலையில ஒழுங்கா ஸ்டார்ட் ஆகும். சூடானதும் ஐடில் தடுமாறும், பெட்ரோல் வாடை, கறுப்புப் புகை. சிக்னல்ல ஆஃப் ஆகும். காவிரிப் பாலத்து நடுவுல சாயங்காலம் ஆறு மணிக்கு ஆஃப் ஆனா பின்னாடி வர்ற பஸ் டிரைவர் உங்களை எப்படி வாழ்த்துவார்னு நான் எழுதத் தேவையில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்ல (பேர் வேண்டாம்) முதல்ல ஆக்ஸிஜன் சென்சாரை மாத்தினாங்க. அப்புறம் த்ராட்டில் பொசிஷன் சென்சார். கடைசியில "ஈசியூ போச்சு, வண்டியைக் காயலான் கடைக்குக் கொடுத்துடுங்க"ன்னுட்டாங்க. ரெண்டு சென்சாரோட பில்லும் பெரியப்பா பென்ஷன்லதான் போச்சு.

இப்போ அறிகுறிகளை நம்ம பாடத்தோட பொருத்திப் பாருங்க. குளிர்ச்சியில சரி, சூட்டுல தகராறு, பெட்ரோல் அதிகம். எஞ்சின் வெப்பநிலையை ஈசியூவுக்குச் சொல்றது ஒரு தெர்மிஸ்டர். குளிர்ச்சியா இருந்தா ரெசிஸ்டன்ஸ் அதிகம், சூடாக ஆக அது இறங்கும். வழியில எங்கயாவது கூடுதல் ரெசிஸ்டன்ஸ் புகுந்துட்டா? எஞ்சின் இன்னும் குளிர்ச்சியாத்தான் இருக்குன்னு ஈசியூ நம்பும். சோக் இழுத்த மாதிரி பெட்ரோலை ஊத்திக்கிட்டே இருக்கும். ஆக்ஸிஜன் சென்சார் "கலவையில பெட்ரோல் ஜாஸ்தி"ன்னு சொன்னது உண்மை. உண்மையைச் சொன்ன சாட்சியைத்தான் கழட்டி எறிஞ்சாங்க.

சோதிச்சுப் பாக்க வேண்டியது ஒரு மல்டிமீட்டர், ஒரு தெர்மாமீட்டர், அடுப்புல ஒரு பாத்திரம் தண்ணி. எஞ்சின் முழுசா ஆறின பிறகு (சூட்டுல கூலன்ட் மூடியைத் திறக்கவே கூடாது, முகம் வெந்துடும்), பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு சென்சாரை வெளிய எடுத்தோம். தண்ணி சூடாக ஆக ரெசிஸ்டன்ஸ் அழகா இறங்கிச்சு. அதாவது சென்சார் நல்லாவே இருக்கு! அப்புறம் சென்சாரை மாட்டி, ஈசியூ பக்கத்துப் பிளக்கைக் கழட்டி அங்கிருந்து அளந்தா ஒரேயடியா கூடுதலா காட்டுது. குற்றவாளி நடுவுல இருந்த கனெக்டர். பின் ரெண்டும் பச்சை பூத்து அரிச்சிருந்துச்சு. பின்னை மட்டும் மாத்தினோம், வண்டி சரியாயிடுச்சு. அந்த சென்சாரையும் "மாத்திப் பாத்திருந்தா" புதுசும் அதே கனெக்டர் வழியா அதே பொய்யைத்தான் சொல்லியிருக்கும்.

ஸ்கேனர் இருந்தா போதுமேன்னு கேப்பீங்க. நம்ம நாட்டுல கார்களுக்கு ஓபிடி கட்டாயமானதே 2010-லதான், பிஎஸ்-4 கூட. அதுக்கு முந்தின பல வண்டிங்க ஆன்லைன்ல வாங்குற புளூடூத் டாங்கிளோட பேசவே பேசாது. பேசினாலும், கோடு சொல்றது அறிகுறியைத்தான். பி0171-னு வந்தா "கலவையில பெட்ரோல் கம்மி"ன்னு அர்த்தம். காரணம் ஓட்டை விழுந்த வேக்குவம் ஹோஸா இருக்கலாம், அடைச்ச ஃபில்டரா இருக்கலாம், பெட்ரோல் பம்ப்பா இருக்கலாம்.

மெக்கானிக்கை வில்லனாக்கி முடிச்சுட எனக்கு விருப்பமில்லை. கார்புரேட்டர் காலத்துல காதால கேட்டே ட்யூன் பண்ணினவங்க அவங்க. வயரிங் டயகிராமைக் கொடுக்காம ஈசியூவை மட்டும் கொடுத்தா அவங்க என்ன பண்ணுவாங்க? இது என் ஊகம் இல்லை. 2011-ல இந்தியப் போட்டி ஆணையத்துக்கு ஒரு புகார் போச்சு: கார் கம்பெனிகள் உதிரி பாகத்தையும் டயக்னாஸ்டிக் கருவியையும் வெளி ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுக்காம வெச்சிருக்காங்கன்னு. 2014 ஆகஸ்ட்ல ஆணையம் 14 கம்பெனிகளுக்கு சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டு, வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்கும் அதெல்லாம் கிடைக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. அப்புறம் கோர்ட்டு, அப்பீல்னு இழுத்துச்சு. நம்ம ஊர்ல ஒரு சின்ன ஷெட்டுக்குப் போய் "அண்ணே, இந்த வண்டிக்கு வயரிங் டயகிராம் இருக்கா"ன்னு கேட்டுப் பாருங்க.

இதே திருச்சியில பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் இருக்கு, 1928-லேர்ந்து. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினை இந்த நூற்றாண்டுலயும் புதுசா செஞ்சு கொடுத்தவங்க. நீராவி எஞ்சின் ஓடலாம், இருபது வயசு கார் மட்டும் காயலான் கடைக்குப் போகணுமா? வரைபடமும் அதைப் படிக்கத் தெரிஞ்ச ஆளும் அங்க இருக்கு. வித்தியாசம் அவ்வளவுதான்.

நாம என்ன பண்றோம்? தெர்மிஸ்டருக்கு கர்வ் வரைஞ்சு, ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து வாங்கி, மறந்துட்டோம். லேப்ல இருக்கிற கட் செக்‌ஷன் எஞ்சினுக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிறோம், அது ஒரு தடவை கூட ஸ்டார்ட் ஆனதில்லை. ஃபைனல் இயர் புராஜெக்ட்னா பத்துல ஆறு "ஸ்மார்ட்"னு ஆரம்பிக்குது. பிரேக், ஏர்பேக் பக்கம் போக வேண்டாம், அது உயிர் விஷயம். ஆனா ஒரு பழைய எம்பிஎஃப்ஐ வண்டியை எடுத்து, பின் வாரியா அளந்து, எந்த வயர் எங்க போகுது, எத்தனை வோல்ட் இருக்கணும்னு தமிழ்ல ஒரு சார்ட் போட்டு, பத்து ஷெட்டு சுவத்துல ஒட்டினா அது புராஜெக்ட் இல்லையா?

ரிவ்யூவுல "இதுல நாவல்டி எங்க?"ன்னு கேப்பாங்க. கேக்கட்டும். ஐகானுக்குப் பாதி அளந்தாச்சு. எஸ்டீமோ பழைய ஹோண்டா சிட்டியோ வீட்ல இருக்கிறவங்க, மல்டிமீட்டரோட வாங்க.