பெட்டி இழுப்பதும் ஒரு படிப்புத்தான்



லாண்ட்மாஸ்டரும் அதன் பின்னால் கொளுவும் பெட்டியும் இல்லாத வன்னிக் கிராமம் ஒன்றை நினைத்துப் பார்க்க முடியாது. விதைநெல் வயலுக்குப் போவதும், வெட்டிய நெல் வீட்டுக்கு வருவதும், மணல், கல், விறகு, தண்ணீர்ப் பரல் எல்லாம் ஊருக்குள் வந்து சேருவதும் அந்தப் பெட்டியில்தான். 2008, 2009ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனபோது, எம்மில் பலருடைய முழு வீடும் ஒரு பெட்டிக்குள் அடங்கியிருந்தது. அன்று அதை ஓட்டிய கைகளில் பல இன்று இல்லை.

நான் களப்பணிக்குப் போகும் கிராமங்களில் லாண்ட்மாஸ்டருக்குச் சொந்தக்காரியான பெண்கள் பலரைச் சந்திக்கிறேன். தாமே ஓட்டுபவர்களைக் காண்பதுதான் குறைவு. கூலிக்கு ஒருவரைப் பிடித்து ஓட்டுவிக்கிறார்கள். டீசலும், கூலியும், திருத்த வேலையும் போக மிஞ்சுவது சொற்பம். அறுவடைக் காலத்தில் அந்த ஓட்டுநருக்குத் தன்னுடைய வயல்தான் முதல். அதுவரை இவர்களுடைய நெல் களத்திலேயே கிடந்து மழையில் நனைகிறது. "நீங்களே பழகினால் என்ன அக்கா?" என்று கேட்டால், "உது ஆம்பிளையளின்ர வேலை தங்கச்சி. எங்களிட்ட அந்தப் பெலன் இல்லை" என்கிறார்கள்.

வேலைப் பிரிவினை பற்றிப் பல்கலைக்கழகத்தில் பக்கம் பக்கமாகப் படித்தோம். அதைக் கிராமத்தில் காண ஒரு கிணற்றடி போதும். 20 லீற்றர் தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு நாம் நடக்கும்போது எமக்குப் பெலன் இல்லை என்று எவரும் சொல்வதில்லை. வருமானம் தரும் இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடிக்கும்போதுதான் அந்தக் கேள்வி வருகிறது.

உண்மையில் பெட்டி இழுப்பதற்கு வேண்டியது பெலனை விட அறிவுதான். முதலில் இயந்திரத்தை இயக்குவதை எடுத்துக்கொள்வோம். கைபிடி போட்டுச் சுற்றும் டீசல் இயந்திரத்தில் அமுக்கத்தைத் திறந்துவிடும் சிறிய நெம்பு ஒன்று உண்டு. அதைத் திறந்து வைத்துச் சுற்றினால் கைபிடி இலகுவாகச் சுழலும். வேகம் பிடித்ததும் நெம்பை விட்டால் இயந்திரம் இயங்கும். பெருவிரலைக் கைபிடியைச் சுற்றி மடிக்காமல், மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். கைபிடி திருப்பி உதைத்தால் விரல் முறியாது. சேலைத் தலைப்பு, தாவணி, அவிழ்ந்த கூந்தல் மூன்றும் பெல்ட்டில் சிக்கக்கூடியவை. அவற்றைக் கட்டிக்கொண்ட பின்னரே இயந்திரத்துக்குப் பக்கத்தில் போக வேண்டும்.

அடுத்தது இறக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சகோதரி ஒரு மாதமாக வெறும் வீதியில் நன்றாக ஓட்டிப் பழகினார். ஒரு நாள் நெல் மூட்டைகளோடு குளக்கட்டிலிருந்து இறங்கியபோது, இடது பக்கம் திரும்புவதற்காக இடது கைப்பிடியின் கீழுள்ள கிளச்சை அழுத்தினார். வண்டி வலது பக்கம் திரும்பி வாய்க்காலை நோக்கி ஓடியது. வேலிக் கட்டை தடுத்ததால் உயிர் தப்பினார். "பொம்பிளை ஓட்டினா இப்பிடித்தான்" என்று ஊர் சொன்னது. அவரும் அதை நம்பிக் கைப்பிடியைத் தொடாமல் விட்டுவிட்டார்.

நடந்தது என்ன? சமதரையில் இயந்திரம்தான் சில்லுகளைத் தள்ளுகிறது. இடது கிளச்சை அழுத்தினால் இடது சில்லுக்கு விசை போகாது. வலது சில்லு ஓட, வண்டி இடது பக்கம் திரும்பும். இறக்கத்தில் பாரம் ஏற்றிய பெட்டி பின்னாலிருந்து வண்டியைத் தள்ளுகிறது. அப்போது இயந்திரம் சில்லுகளைப் பிடித்துவைக்கிறது. இடது கிளச்சை அழுத்தினால் இடது சில்லு பிடி விடுபட்டு வேகமாக உருளும். வண்டி வலது பக்கம் திரும்பும். இது இயந்திரத்தின் இயல்பு. ஆண் ஓட்டினாலும் இப்படித்தான் நடக்கும். இதை யாராவது அந்தச் சகோதரிக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே, இறக்கம் தொடங்குவதற்கு முன்னரே குறைந்த கியருக்கு மாற்றிவிடுங்கள். இறங்கும்போது பிரதான கிளச்சைப் பிடிக்கவோ கியர் மாற்றவோ கூடாது. பிடித்தால் இயந்திரத்தின் தடுப்பு இல்லாமல் போய் வண்டி பாயும். திருப்பும் கிளச்சைத் தொடாமல், கைப்பிடியை மெதுவாகத் தள்ளித் திருப்புங்கள். பெட்டியில் உள்ள கால் பிறேக்கை மிதித்துப் பெட்டியை அடக்குங்கள். அந்தப் பிறேக் வேலை செய்யாத பெட்டியில் பாரம் ஏற்ற வேண்டாம்.

பாரத்தைக் கண்ணால் அளக்கக் கூடாது. 200 லீற்றர்ப் பரல் ஒன்றில் உள்ள தண்ணீர் 200 கிலோ. 5 பரல் என்றால் ஒரு தொன். 50 கிலோ சீமெந்துப் பை 20 ஏற்றினாலும் அதே ஒரு தொன்தான், ஆனால் பெட்டி பாதி வெறுமையாகத் தெரியும். நனைந்த மணல் காய்ந்த மணலை விடப் பாரம் கூடியது. உங்கள் வண்டியும் பெட்டியும் எவ்வளவு தாங்கும் என்பதை விற்றவரிடமோ திருத்துநரிடமோ கேட்டு, அதற்குள் நில்லுங்கள். "இன்னும் ரெண்டு மூட்டை போடுங்கோ அக்கா" என்று கேட்பவர் உங்களோடு இறக்கத்தில் வரமாட்டார்.

அடுக்கும் முறையும் முக்கியம். பாரம் பெட்டியின் அச்சுக்குச் சற்று முன்னால் கூடுதலாக இருக்க வேண்டும். பின்னால் கூடினால் கொளுக்கி மேலே கிளம்பும். வண்டிச் சில்லுக்குப் பிடி குறையும். முன்னால் அளவுக்கு மிஞ்சினால் இயந்திரத்தின் மூக்கு தூக்கும். வெளிநாடுகளில் சிறிய ஜீப்புக்குப் பின்னால் பெட்டி கொளுவுபவர்களும் இதே விதியைத்தான் பின்பற்றுகிறார்கள். பெட்டியின் மொத்தப் பாரத்தில் ஏறக்குறைய 10இல் ஒரு பங்கு கொளுக்கியில் அழுத்த வேண்டும் என்பது அவர்களுடைய பொதுவான கணக்கு. பாரமானவை அடியிலும் இலேசானவை மேலேயும் இருக்கட்டும். பாதி நிரம்பிய பரலில் தண்ணீர் அலைந்து பெட்டியை ஆட்டும். ஆகவே நிரப்பி மூடிக் கட்டுங்கள்.

புறப்படுமுன் இணைப்பு ஆணியைக் குனிந்து பாருங்கள். அதற்கென்று உள்ள ஆணியும், அது கழராமல் தடுக்கும் கிளிப்பும் இருக்க வேண்டும். கம்பித் துண்டைச் சொருகிக்கொண்டு ஓடுவதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். அது முறிந்தால் பெட்டி தனியாக ஓடும். ஒரு சங்கிலியும் கொளுவி வையுங்கள். பெட்டியின் பின்புறத்தில் சிவப்பு ஒளிதெறிப்பான்கள் கட்டாயம் வேண்டும். இந்த வண்டி மெதுவாகப் போவது. இருட்டில் பின்னால் வேகமாக வரும் பஸ்சுக்கோ லொறிக்கோ வெளிச்சம் இல்லாத பெட்டி கடைசி நொடி வரை தெரியாது. கூடியவரை பொழுதுபடுமுன் வீடு திரும்புங்கள். பிள்ளைகளை மூட்டைகளின் மேலோ, வண்டிக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள இணைப்பிலோ ஒருபோதும் ஏற்றாதீர்கள்.

பின்னால் எடுக்கும்போது நாம் திருப்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பெட்டி போகும். அவசரப்பட்டால் பெட்டி மடங்கி, கைப்பிடிக்கும் பெட்டிக்கும் இடையில் கால் நசியும். வெறும் பெட்டியோடு, வெட்டையான காணியில், சிறிது சிறிதாகப் பழகுங்கள்.

வீதியில் ஓட்டச் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். பெட்டியோடு கூடிய இரு சக்கர உழவு இயந்திரத்துக்கு ஜீ1 என்ற வகை உண்டு. காப்புறுதியும் இருக்க வேண்டும். வண்டி இன்னும் கணவருடைய பெயரில் இருந்தால் அதைத் தள்ளிப் போடாதீர்கள். கணவர் காணாமல் போனவராயின், இறந்துவிட்டார் என்று பதியாமலே அதற்கான சான்றிதழ் பெறுவதற்கு 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வழி செய்துள்ளது. அந்தச் சான்றிதழைக் கொண்டு வண்டி விடயத்தில் என்ன செய்யலாம் என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். கேட்பது அவரை இல்லை என்று சொல்வதாகாது.

உங்கள் மாதர் சங்கத்தில் 5 பேர் சேருங்கள். நன்றாக ஓட்டத் தெரிந்த, பொறுமையாகச் சொல்லித் தரக்கூடிய ஒருவரைக் கேளுங்கள். அவரிடம் "எப்படி ஓட்டுவது?" என்பதோடு நிறுத்தாமல், "இறக்கத்தில் என்ன நடக்கும்?" என்றும் கேளுங்கள். குளக்கட்டில் தப்பிய அந்தச் சகோதரிக்குக் காரணத்தை விளங்கப்படுத்திய பிறகு அவர் மீண்டும் வெறும் பெட்டியோடு பழகத் தொடங்கியிருக்கிறார். வரும் காலபோக நெல்லைத் தானே வீட்டுக்குக் கொண்டுவருவது அவருடைய எண்ணம்.

அடுத்த மாதம் சந்திப்போம், சகோதரிகளே.