சிலேட்டைத் துடைத்துவிட்டுத் தொடங்குவோம்

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கோவை இலையால் சிலேட்டைத் துடைத்த பிறகுதான் நாங்கள் அடுத்த கணக்கை எழுதுவோம். செம்பூரில் வளரும் என் மகனுக்குச் சிலேட்டு இல்லை, கணிப்பொறி இருக்கிறது. துடைக்கும் பழக்கம்தான் இல்லை.

கல்லூரிப் பாடத்துக்காக அவன் பயன்படுத்துவது சைலாப் என்னும் கணித மென்பொருள். பிரான்ஸ் நாட்டில் பிறந்தது. காசு கொடுக்க வேண்டியதில்லை. நமது பவாய் ஐ.ஐ.டி.யின் ஃபாசி திட்டம் இதைக் கல்லூரிகளில் பரப்பி வந்திருக்கிறது.

ஒருநாள் காலையில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு 10 சதவீதத்தில் இரண்டாண்டுக் கூட்டுவட்டி போட்டான். அசலும் வட்டியுமாக 1,21,000 வந்தது. மென்பொருளை மூடாமலே, இரவில் வட்டியை 8 சதவீதமாக மாற்றினான். அப்போதும் அதே 1,21,000!

"கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லுமாப்பா?" என்று கேட்டான். தாளில் போட்டுப் பார்த்தோம். சரியான விடை 1,16,640.

வட்டி விகிதத்துக்குச் சூத்திரத்தில் இருந்தது சிறிய 'ஆர்'. இரவில் அவன் தட்டியது பெரிய 'ஆர்'. சைலாப்புக்கு இரண்டும் வேறு வேறு. காலையில் கொடுத்த 10 சதவீதம் சிறிய 'ஆரில்' அப்படியே தங்கியிருந்ததால், பிழை என்று சொல்லாமல் பழைய விடையையே தந்துவிட்டது.

"திரையைத் துடைத்தேனே!" என்றான். அங்கேதான் ஏமாறுகிறோம். 'சி.எல்.சி.' என்ற கட்டளை திரையை மட்டுமே துடைக்கும். நினைவில் உள்ள மதிப்புகளை அழிப்பது 'கிளியர்'. அதைக் கொடுத்து மறுபடி ஓட்டியதும், சிறிய 'ஆர்' என்னவென்று தெரியாது எனப் பிழை காட்டி நின்றது. தவறு வெளிச்சத்துக்கு வந்தது.

'கிளியர்' நம்மைக் கேட்காமலே அழித்துவிடும் என்பதும் உண்மை. அதனால் வேண்டியதை முதலில் சேமித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பயத்தால் துடைக்காமலே இருப்பது அதைவிட ஆபத்து. பிழை என்று சொல்லி நிற்கும் கணக்கைத் திருத்தலாம். தவறான விடையை அமைதியாகத் தரும் கணக்கை யார் திருத்துவது?

மாதுங்காவிலும் தாராவியிலும் வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளுக்குக் கணிப்பொறி வாங்கித் தரும் பெற்றோருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். "விடை வந்ததா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "துடைத்துவிட்டுப் போட்டாலும் அதே விடை வருகிறதா?" என்றும் கேளுங்கள்.