பாலராமபுரம் கைத்தறி: ஆன்லைன் சந்தை கைகொடுக்குமா?

ஓணம் நெருங்கும்போது உங்கள் செல்போனில் 'கேரளா கசவு சேலை' என்று தேடிப் பாருங்க. எல்லாம் ஒரே மாதிரி சந்தன நிறம், ஒரே மாதிரி ஜரிகைக் கரை. விலை மட்டும் சில நூறிலிருந்து பல ஆயிரம் வரை போகும். எது கைத்தறி, எது விசைத்தறி? படத்தை வைத்துச் சொல்வது கஷ்டம். திருவனந்தபுரம் அருகே உள்ள பாலராமபுரம் நெசவாளர்களுக்கு இதுதான் இன்றைய தலைவலி.

யார் இவர்கள்?

திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா (1798-1810) காலத்தில் தளவாய் உம்மிணித் தம்பியின் முயற்சியில் தமிழ்ப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய சாலியர் குடும்பங்கள்தான் இங்கே நெசவைத் தொடங்கின. குழித்தறியில் கையால் நாடா எறிந்து நெய்வது இவர்களின் முறை. ஒரு சேலைக்கே நாள்கணக்கில் உழைக்க வேண்டும்.

ஆன்லைனில் என்ன லாபம்?

இடைத்தரகரை நம்பியிருக்க வேண்டாம். அரசுக் கொள்முதலுக்கு 2016-ல் வந்த ஜெம் தளம் இருக்கிறது. பொதுமக்களுக்கு விற்க, 2021 இறுதியில் நிறுவப்பட்ட ஓஎன்டிசி இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், 2023 அக்டோபர் 1 முதல் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலேயே சொந்த மாநிலத்துக்குள் ஆன்லைனில் விற்கலாம்.

அப்புறம் என்ன சிக்கல்?

முதலாவது, எல்லை. அந்தச் சலுகையில் பாலராமபுரத்திலிருந்து காசர்கோடு வரை அனுப்பலாம். ஆனால் களியக்காவிளையைத் தாண்டி, பக்கத்திலிருக்கும் மார்த்தாண்டத்துக்கு அனுப்ப முடியாது. வெளிமாநில ஆன்லைன் விற்பனைக்குப் பதிவு கட்டாயம்.

இரண்டாவது, செலவு. தளத்தின் கமிஷன், பேக்கிங், திரும்பி வரும் சரக்கு எல்லாம் விற்பவர் தலையில்தான் விழும்.

மூன்றாவதுதான் பெரியது. எந்த நாட்டு மில் துணியும் கைத்தறிக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். 'விலை குறைந்தது முதலில்' என்று நீங்கள் ஒரு தட்டு தட்டினால், கைத்தறி பட்டியலின் அடிக்குப் போய்விடும்.

சட்டம் காப்பாற்றாதா?

பாலராமபுரம் துணிக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் அது ஊர்ப் பெயரைத்தான் காக்கும். வெறும் 'கசவு' என்று போட்டு விற்பவரைத் தடுக்காது. குறிப்பிட்ட வகைச் சேலை, வேட்டி உள்ளிட்ட 11 ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கும் 1985-ம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. தளத்தில் பதிவேற்றும் ஒவ்வொரு படத்தையும் யார் சரிபார்ப்பது?

வழி என்ன?

ஜிஎஸ்டி பதிவு, படம் எடுப்பது, அனுப்புவது போன்ற வேலைகளைத் தனி நெசவாளரைவிடக் கூட்டுறவுச் சங்கம் எளிதாகச் செய்யும். கைத்தறி முத்திரையை விலைக்குப் பக்கத்திலேயே காட்டும்படி தளங்களைக் கேட்க வேண்டும்.

உங்கள் பங்கும் இருக்கு. வாங்கும் முன், 'கைத்தறி முத்திரை இருக்கா, எந்தச் சங்கம் நெய்தது?' என்று விற்பவரைக் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால், அது கைத்தறி என்று நம்பிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.