கொடிக்கப்பலும் கடைசிப் படகும்

கைப்பேசி வாங்குவது இன்று பொருள் வாங்குவதாக இல்லை. கட்சி சேர்வதாக ஆகிவிட்டது. விடுதியிலே இருவர் கூடினால் ஒருவர் ஐபோன் கட்சி, மற்றவர் ஆண்ட்ராய்டு கட்சி. உணவு மேசையில் தொடங்கும் வாதம் விளக்கணைத்த பிறகும் ஓய்வதில்லை. "ஐபோனுக்கு நிகர் உண்டோ?" என்கிறார் ஒருவர். "பொன்விலங்கும் விலங்குதானே!" என்கிறார் மற்றவர். கேட்க இனிக்கத்தான் செய்கிறது. ஆயினும் நண்பர்களே, இந்த வாதத்தில் நாம் எதை அளக்கிறோம், எந்தக் கோல் கொண்டு அளக்கிறோம் என்று ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

நம் அளவுகோல் எங்கே பிழைபடுகிறது என்பதை ஒரு சொல்லே காட்டிக் கொடுக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விலையுயர்ந்த கைப்பேசியை 'ஃபிளாக்ஷிப்' என்று அழைக்கிறது. தமிழில் கொடிக்கப்பல் எனலாம். அது கடற்படைச் சொல். தளபதி இருக்கும் கப்பலில் அவருடைய கொடி பறக்கும், அதனால் அப்பெயர். தென்பிராந்தியக் கடற்படையின் தலைமையகம் கொச்சியில் இருக்கிறது. அதே துறைமுகத்தின் மறுகரையான வைப்பின் தீவில் குடியிருந்து படிக்கிறவன் நான். ஆகவே அச்சொல் எனக்கு வெறும் விளம்பரச் சொல்லாகத் தோன்றவில்லை. கொடிக்கப்பல் தனக்காக ஓடுவதில்லை. பின்வரும் கப்பல்களை நடத்திச் செல்லவே ஓடுகிறது. ஓர் அணியின் சிறப்பு தலைக்கப்பலின் பளபளப்பில் இல்லை. கடைசிப் படகும் கரை சேர்ந்ததா என்பதில் இருக்கிறது. கைப்பேசிகளையும் அவற்றின் இயங்குதளங்களையும் இந்தக் கோலால்தான் அளக்கவேண்டும் என்பது என் கருத்து.

முதலில் இரு தரப்புக்கும் உரிய நியாயத்தை வழங்கிவிடுவோம். ஐஓஎஸ் இயங்குதளத்தையும் அது ஓடும் கருவியையும் வகுப்பது ஆப்பிள் என்ற ஒரே நிறுவனம். சமையலும் பந்தியும் ஒருவர் பொறுப்பில் இருப்பதால் ஒழுங்கு இருக்கிறது. ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ். அதன் மூலநிரல் திறந்தது. கூகுள் வளர்க்கும் அத்தளத்தைப் பல நிறுவனங்களும் எடுத்துத் தத்தம் கருவிக்கு ஏற்பத் திருத்திக்கொள்கின்றன. அதனால் பன்மை இருக்கிறது. ஏழைக்கும் எட்டும் விலையும் இருக்கிறது.

2007இல் முதல் ஐபோனும் 2008இல் முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியும் வெளிவந்தன. அன்று இரண்டுக்கும் இடையே இருந்த வேற்றுமை பெரிது. இன்று உச்சியில் நிற்கும் கருவிகளை எடுத்துப் பாருங்கள். படம் பிடிப்பதில் இரண்டும் வல்லவை. வேகத்தில் இரண்டும் விரைந்தவை. விலையிலும் இரண்டும் லட்ச ரூபாயைத் தாண்டிச் செல்பவை. ஆயுளிலும் அப்படியே. 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ், 2024இல் வெளியான ஐஓஎஸ் 18ஐயும் பெற்றது. 2023இல் வந்த பிக்சல் 8க்கும் 2024இல் வந்த கேலக்சி எஸ்24க்கும் ஏழாண்டுப் புதுப்பிப்பு உண்டென்று அவற்றைச் செய்தோர் உறுதி கூறினர். உச்சிக்கும் உச்சிக்கும் உள்ள இடைவெளி மயிரிழை; உச்சிக்கும் அடிவாரத்துக்கும் இடையில்தான் பள்ளத்தாக்கு. நாமோ மயிரிழையைப் பிடித்துக்கொண்டு மல்லாடுகிறோம்!

கொடிக்கப்பலும் மூழ்கும் என்பதைத் தமிழர் மறக்கலாகாது. நோக்கியா கைப்பேசி உலகின் முடிசூடா மன்னனாக இருந்த காலம் உண்டு. திருப்பெரும்புதூரில் அதன் ஆலை 2006இல் இயங்கத் தொடங்கியது. பல்லாயிரவர் வேலை பெற்றனர். நம் சிற்றூர்ப் பெண்கள் எத்தனையோ பேர் முதற்சம்பளம் கண்டது அங்கேதான். ஐஓஎஸ்ஸும் ஆண்ட்ராய்டும் வளர வளர நோக்கியாவின் சிம்பியன் தளம் தேய்ந்தது. 2011இல் அந்நிறுவனம் விண்டோஸ் தளத்தைத் தழுவியது, அதுவும் கைகொடுக்கவில்லை. 2014 ஏப்ரலில் கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்ட் கைக்கு மாறியது. வரி வழக்கில் சிக்கியிருந்த நம் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் முதல் நாள் பொறிகள் நின்றன. அதே திருப்பெரும்புதூர் வட்டாரத்தில்தான் 2019 முதல் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் பூட்டப்படுகின்றன. வென்ற கப்பலுக்கு ஆணி அடிப்போரும் நம்மவர். தோற்ற கப்பலோடு கரையில் விடப்பட்டோரும் நம்மவர். எந்த நிறுவனத்தின் கொடியையும் நம் குலக்கொடியாக எண்ணி வணங்குவது நமக்கு அழகன்று. நமக்கு என்ன பயன் என்று கேட்பதே அழகு.

ஆலையை விட்டு அலைகடலுக்கு வருவோம். கைப்பேசியின் பயன் என்ன என்பதை உலகுக்கு எண்களால் காட்டிய இடம் இந்தக் கேரளக் கடற்கரையே. 1996 செப்டம்பர் 17 அன்று கொச்சியில் கேரளத்தின் முதல் கைப்பேசி அழைப்பு நிகழ்ந்தது. பேசியவர் எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை. கேட்டவர் தென்பிராந்தியக் கடற்படைத் தளபதி ஏ. ஆர். டாண்டன். மீனவர் வாழ்வைச் 'செம்மீன்' என்ற புதினமாக்கியவர் கொடிக்கப்பலுக்கு உரியவரோடு பேசினார்! ஆனால் அக்கருவி கொடிக்கப்பலோடு நிற்கவில்லை, படகுகளுக்கும் பரவியது. அடுத்த சில ஆண்டுகளில் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் வலையமைப்பு விரிந்தபோது, மீனவர்கள் கடலில் இருந்தபடியே எந்தச் சந்தையில் மத்தி விலைபோகும் என்று கேட்டறிந்து அங்கே கரையேறினர். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியல் அறிஞர் இதனை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். முன்பு பிடித்த மீனில் 5 முதல் 8 விழுக்காடு வாங்குவாரின்றி வீணாயிற்று. கைப்பேசி வந்தபின் அவ்வீண் ஏறத்தாழ அற்றுப்போயிற்று. மீனவர் இலாபம் 8 விழுக்காடு உயர்ந்தது. மீனின் விலை 4 விழுக்காடு தாழ்ந்தது. விற்றவனும் வாழ்ந்தான், வாங்கியவனும் வாழ்ந்தான்.

அந்தக் கைப்பேசியில் என்ன இயங்குதளம் இருந்தது? எத்தனை கண்ணாடிகள் கொண்ட படக்கருவி இருந்தது? ஒன்றுமில்லை. எண்களை அழுத்தும் பொத்தான்கள் இருந்தன, குரல் கேட்டது. கடலில் 20, 25 கிலோமீட்டர் வரை எட்டியது. எட்டியது என்பதே அதன் சிறப்பு.

இந்தக் கோலை எடுத்துக்கொண்டு இன்றைய முனம்பத்துக்கு வாருங்கள். வைப்பின் தீவின் வடகோடியில் உள்ள மீன்பிடித் துறைமுகம் அது. அங்கே குமரி மாவட்டத்துத் தமிழ் காதில் விழும். தூத்தூரும் அதன் பக்கத்து ஊர்களும் பெற்ற பிள்ளைகள் ஆழ்கடல் விசைப்படகுகளில் தங்கல் தொழிலுக்குச் செல்கின்றனர். போனால் வாரக்கணக்கில் கடல்தான் வீடு. அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் குறைந்த விலை ஆண்ட்ராய்டு. அவர்களுக்கு எந்தக் கைப்பேசி நல்லது? மூன்று சோதனைகள் வைப்போம்.

முதற்சோதனை மொழி. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005இல் வந்தது. சிறு கைப்பேசியிலும் தமிழில் செய்தி அனுப்ப வழி திறந்தது. ஐபோனுக்குள் தமிழ் விசைப்பலகை 2013இல், ஐஓஎஸ் 7 உடன் வந்தது. ஆனால் ஐபோனின் முகப்பும் அமைப்புகளும் முழுதும் தமிழில் பேச 2025இல் வந்த ஐஓஎஸ் 18.4 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆண்ட்ராய்டு இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டது. 2017இல் கூகுள் தமிழ்க் குரலை எழுத்தாக்கும் வசதியையும் தந்தது. எழுத்து அறியாத கைக்கு அது கண் கொடுத்தது. இச்சோதனையில் ஆண்ட்ராய்டுக்கே வெற்றி.

இரண்டாம் சோதனை ஆயுள். இங்கே ஆண்ட்ராய்டு தலைகுனிய வேண்டும். கொடிக்கப்பலுக்கு ஏழாண்டு உறுதி தரும் அதே அணி, கடைசிப் படகுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளோடு கைகழுவுகிறது. முனம்பத்தில் ஒரு பெரியவர் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டி, "தம்பி, நீ படிச்ச பிள்ளைதானே, காத்து நிலவரம் சொல்லுத செயலி ஏன் திறக்க மாட்டேங்குது?" என்று கேட்டார். பார்த்தேன். கருவியில் பழுதில்லை, கண்ணாடியில் கீறலும் இல்லை. தளம் பழசாகிவிட்டது, செயலி புதிய தளம் கேட்கிறது. "அண்ணாச்சி, போன் நல்லாத்தான் இருக்கு, செஞ்சவங்கதான் விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றேன். நிறுவனத்தின் பெயர் வேண்டா. ஒன்றா இரண்டா சொல்ல? "அப்படியானால் பழைய ஐபோன் ஒன்றை வாங்கலாமே, அது நெடுநாள் வாழுமே" என்று ஐபோன் நண்பர்கள் கேட்பார்கள். கேள்வி நேர்மையானது, இச்சோதனையில் வெற்றி அவர்களுக்கே. ஆனால் மின்கலம் மாற்றவும் உடைந்த கண்ணாடி போடவும் ஆகும் செலவைக் கேட்டால், உப்புக்காற்றில் உழைப்பவர் அதை வாங்கத் துணியார்.

மூன்றாம் சோதனை கடல். இதுவே உயிர்ச் சோதனை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் மாண்டனர், மறைந்தனர். பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை, எட்டவும் வழியில்லை. கரைக் கோபுரத்தின் அலை அத்தனை தொலைவு போகாது. இதன் அறிவியல் எளியது. இடங்காட்டும் செயற்கைக்கோளின் குறிப்பை இன்றைய ஐபோனும் ஆண்ட்ராய்டும் நடுக்கடலிலும் வாங்கும். வாங்குவதற்குச் செவி போதும். திருப்பிப் பேச உரத்த குரல் வேண்டும். சாதாரணக் கைப்பேசிக்கு அக்குரல் இல்லை. ஆப்பிள் 2022இல் ஐபோன் 14 கொண்டு, செயற்கைக்கோள் வழியே ஆபத்துச் செய்தி அனுப்பும் வசதியைச் சில நாடுகளில் தொடங்கியது. கூகுள் 2024இல் பிக்சல் 9 கொண்டு அமெரிக்காவில் தொடங்கியது. 2025 வரை அந்த வசதி இந்தியாவுக்கு வரவில்லை. லட்ச ரூபாய் கொடுத்து வாங்கினாலும், ஆழ்கடலில் இரு கொடிக்கப்பல்களும் ஊமைதாம்!

பேச வைத்தது வேறொன்று. 2019இல் வந்த 'ஜெமினி' என்ற கருவி செயற்கைக்கோள் வழியே வரும் எச்சரிக்கையைப் படகிலுள்ள கைப்பேசிக்குத் தந்தது. ஆனால் அது ஒருவழிப் பாதை. பின்னர் இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் இருவழியும் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் வந்தது. 2024 ஆகஸ்டில், 1 லட்சம் படகுகளில் அதைப் பொருத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. புளூடூத் வழியே கைப்பேசியோடு அது இணைகிறது. ஆக, பத்தாயிரம் ரூபாய்க் கைப்பேசியும் படகின் மேல் ஒரு பெட்டியும் கூடி, லட்ச ரூபாய்க் கைப்பேசி செய்யாததைச் செய்கின்றன.

தீர்ப்பு என்ன? மொழியில் ஆண்ட்ராய்டு, ஆயுளில் ஐஓஎஸ், கடலில் இரண்டும் தோல்வி. இன்று ஒரு கடலோடி என்னைக் கேட்டால் ஆண்ட்ராய்டே வாங்கச் சொல்வேன். விலையும் மொழியும் செயலிகளும் அப்பக்கம் இருக்கின்றன. ஆனால் வாங்கச் சொல்வதோடு என் கடமை தீரவில்லை. உங்கள் கடமையும் தீரவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரு கைப்பேசி வகையின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்தாண்டுக்கு அதன் இயங்குதளத்துக்குப் புதுப்பிப்பு கிடைக்கவேண்டும் என்பது அது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? உண்ணும் பொருளின் உறைமேல் கெடும் நாள் அச்சிடப்படுகிறது. கைப்பேசிப் பெட்டியின்மேல் அதன் தளம் காக்கப்படும் கடைசி ஆண்டு அச்சிடப்படட்டும். மீனவர் எந்த விலையில் வாங்கினாலும் அந்த ஆண்டு ஐந்துக்குக் குறையாதிருக்கட்டும். பெட்டியைத் திறந்து முதன்முதல் விளக்கேற்றும்போதே தமிழும் மலையாளமும் கேட்கப்படட்டும். கடல் செல்லும் படகு ஒன்றுகூட டிரான்ஸ்பாண்டர் இன்றிச் செல்லாதிருக்கட்டும். இவை ஆட்சியும் நிறுவனங்களும் செய்யவேண்டியவை.

நாம் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. நம் தமிழ் மன்றம் மாதத்தில் ஒரு ஞாயிறு முனம்பத்தில் அமரட்டும். கைப்பேசிகளைத் தமிழுக்கு மாற்றிக் கொடுப்போம். வானிலைச் செயலியை நிறுவிக் கொடுப்போம். எந்தக் கைப்பேசி எத்தனை ஆண்டில் கைவிடப்பட்டது என்று ஏடு போட்டு எழுதுவோம். ஓராண்டு எழுதினால் அது புலம்பலாக இராது, சான்றாக இருக்கும். சான்றோடு கேட்பவனுக்கு விடை சொல்லாமல் எவரும் தப்ப முடியாது.

விடுதி வாதத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. வாதம் மாணவர்க்கு அணி. ஆனால் வரும் ஞாயிறு முனம்பத்துக்கு வந்து வாதிடுங்கள் என்கிறேன். ஐபோன் கட்சிக்கும் இடமுண்டு. ஆண்ட்ராய்டு கட்சிக்கும் இடமுண்டு. வேலையும் இருவருக்கும் வேண்டிய மட்டும் உண்டு.