படிப்பை விட்ட பிள்ளைக்குப் பசிக்காதா?

காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. சத்துணவு பத்தாம் வகுப்போடு. பள்ளியை விட்டுச் செங்கல் சூளைக்குப் போன இருளர் பிள்ளைக்கு இரண்டுமே இல்லை. போஷன் 2.0-இல் 14 முதல் 18 வயதுப் பெண்களுக்குச் சத்துணவுத் திட்டம் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் அது ‘முன்னேற விழையும்’ மாவட்டங்களான ராமநாதபுரம், விருதுநகருக்கு மட்டும்! இரத்தசோகை என்ன, மாவட்ட எல்லை பார்த்தா வருகிறது?

பணமில்லை என்று சொல்ல முடியாது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி நிதி ஒதுக்கச் சொல்லும் மாநிலச் சட்டம் 2024-இலேயே வந்துவிட்டது. அந்த நிதியிலிருந்து சூளைக்கும் குடியிருப்புக்கும் முட்டையும் பயறும் வரட்டும். பிள்ளை பள்ளிக்குத் திரும்பினால்தான் சோறு என்பது உதவியல்ல, தண்டனை.

தோழர்களே, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் இதையே மனுவாகக் கொடுப்போம். நாம் கேட்பது சலுகையல்ல, நம் பங்கு.