இறக்கத்தில் கியர் யார் கையில்?

இக்காலக் கார்கள் பலவற்றில் கிளட்ச் மிதி இல்லை. கியரை வண்டியே மாற்றிக்கொள்கிறது. ஆனால் அத்தகைய கார்கள் பலவற்றில் கியர் கம்பியின் அருகே கூட்டல், கழித்தல் குறிகள் இருப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். ஓட்டுநர் விரும்பினால் தாமே கியரைக் கூட்டவும் குறைக்கவும் செய்யலாம் என்பது அவற்றின் பொருள். வேகப் பிரியர்களுக்கென்று செய்யப்படும் கார்களில் இதற்காக ஸ்டியரிங்கின் பின்புறம் இரண்டு சிறு நெம்புகோல்களும் இருக்கும்.

"தானே கியர் மாற்றும் வண்டிக்கு இது எதற்கு? வெறும் விளையாட்டுத்தானே?" என்று பலர் கேட்கிறார்கள். இது விளையாட்டு அல்ல, உயிர் காக்கும் ஏற்பாடு என்பது என் கருத்து. அதற்கான காரணத்தைத் தருமபுரி மாவட்டத்திலேயே காணலாம்.

ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தருமபுரியைத் தாண்டிச் சேலத்தை நோக்கிச் செல்லும்போது தொப்பூர்க் கணவாயில் இறங்குகிறது. 2020 டிசம்பரில் அங்கே சிமெண்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று, முன்னே இருந்த கார்கள் மீது அடுத்தடுத்து மோதியதில் நான்கு பேர் இறந்தனர். 2024 ஜனவரியில் நடந்த மற்றொரு விபத்திலும் நான்கு பேர் உயிரிழந்தனர். இந்த இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் உருட்டிச் செல்லக் கூடாது என்று லாரி ஓட்டுநர்கள் பலமுறை எச்சரிக்கப்பட்டுள்ளனர். ஏன் கூடாது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சரக்குடன் 30 டன் எடையுள்ள லாரி ஒன்று, உயரத்தில் 100 மீட்டர் கீழே இறங்குகிறது. அது இழக்கும் நிலையாற்றல் 30,000 × 9.8 × 100; அதாவது 2 கோடியே 94 லட்சம் ஜூல். 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய இவ்வளவு வெப்பம் வேண்டும்! நியூட்ரலில் இறங்கும் லாரியின் வேகம் கூடாமல் இருக்க வேண்டுமானால், இந்த ஆற்றலில் பெரும்பகுதியை பிரேக்குகளே வெப்பமாக மாற்றியாக வேண்டும். பிரேக் டிரம்முக்கும் அதன் லைனிங்குக்கும் இடையே உள்ள உராய்வுதான் வண்டியை நிறுத்துகிறது. அளவுக்கு மீறிச் சூடேறினால் அந்த உராய்வு குறைந்துவிடும். பிறகு ஓட்டுநர் எவ்வளவு பலமாக மிதித்தாலும் பயன் இராது.

வண்டி கியரில் இருந்தால் நிலைமையே வேறு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன், சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றத் தொடங்கும். உராய்வையும், காற்றை உள்ளிழுத்து வெளியே தள்ளும் வேலையையும் எதிர்த்து அதைச் சுழற்றுவதில் ஆற்றல் செலவாகும். கியர் எவ்வளவு குறைவோ, அவ்வளவு வேகமாக எஞ்சின் சுழலும். தடுப்பும் அவ்வளவு கூடும். இதைத்தான் 'எஞ்சின் பிரேக்' என்கிறோம். பிரேக்குக்கும் ஓய்வு கிடைக்கும்.

"நியூட்ரலில் போனால் டீசல் மிச்சமாகுமே!" என்பார்கள். இது தவறான கணக்கு. நியூட்ரலில் எஞ்சின் நின்றுவிடாமல் ஓட, எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கும். கியரில் இறங்கும்போதோ, மின்னணுக் கட்டுப்பாடுள்ள எஞ்சின்களில் எரிபொருள் செலுத்துவதே நின்றுவிடும். சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும்போது எரிபொருள் எதற்கு?

இப்போது தானியங்கிக் காருக்கு வருவோம். வண்டியின் வேகத்தையும் ஆக்ஸிலரேட்டரின் நிலையையும் கொண்டே அதன் கணிப்பொறி பெரும்பாலும் கியரைத் தீர்மானிக்கிறது. இறக்கத்தில் நீங்கள் காலை எடுத்தால், 'இவருக்கு விசை தேவையில்லை' என்று கருதி அது மேல் கியருக்குப் போய்விடக்கூடும். எஞ்சின் பிரேக் தேவைப்படும் நேரத்தில் அது குறைந்துவிடும்! சரிவை உணர்ந்து தானே கியரைக் குறைக்கும் வண்டிகளும் இருக்கின்றன. ஆனால் அடுத்த வளைவுக்கு அப்பால் இன்னும் எவ்வளவு தூரம் இறக்கம் என்பதை, எச்சரிக்கைப் பலகையைப் படித்த ஓட்டுநர் அல்லவா அறிவார்? அவர் கழித்தல் குறிப் பக்கம் கம்பியைத் தள்ள வேண்டிய இடம் அதுவே.

ஒன்றை மறக்கக் கூடாது. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். வேகம் மிகுந்த பிறகு கேட்டால், எஞ்சின் பழுதாகிவிடும் என்பதால் தானியங்கி கியர்ப்பெட்டி கீழ் கியருக்கு மாற மறுத்துவிடும். நியூட்ரலில் வேகமெடுத்த லாரியிலும் மீண்டும் கியர் போடுவது மிகக் கடினம்.

சாலையைச் சீரமைப்பது மிகவும் அவசியம். டீசல் மிச்சத்துக்காக ஓட்டுநரை நெருக்காமல் இருப்பது லாரி உரிமையாளரின் கடமை. ஆனால் இவற்றோடு அறிவும் சேர வேண்டும். நிலையாற்றலைப் பாடமாகப் படிக்கும் நீங்கள், உங்கள் வீட்டிலோ தெருவிலோ வண்டி ஓட்டுபவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். நாளை நீங்களே ஓட்டும் காலம் வரும்போது, கியர் மாற்றும் வேலையை இயந்திரத்திடம் தாராளமாக விட்டுவிடலாம். முன்னே உள்ள சாலையைப் பார்த்து யோசிக்கும் வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.